ஓபன் ஸ்ட்ரிங்கை முறுக்கி விட்டா நிலைச்சு நிக்குமா?

ஜூன் 4, மாலை 6.20 – வாசகர் கேள்வி

அண்ணே ஒரு டவுட்டு. ஸ்ட்ரிங் தியரியில துகளெல்லாம் துடிக்கிற குட்டி நூலுங்கறாங்க. அதுல ஓபன் ஸ்ட்ரிங்குக்கு ரெண்டு முனை இருக்கு, க்ளோஸ்டு ஸ்ட்ரிங் மாதிரி வளையமா மூடிக்கல. முனை ரெண்டும் சும்மா கெடக்குறதாலதான் அது அன்ஸ்டேபிள்னு நெனைக்கிறேன். கயித்த திரிச்சு விட்டா பிரியாம நிக்குதுல்ல, அதே மாதிரி இதையும் முறுக்கி விட்டா நிலைச்சுரும்ங்கறது என் கணிப்பு. ட்விஸ்ட்னு ஒரு ஆபரேட்டரே இருக்குன்னு எங்கயோ படிச்ச ஞாபகம். சரியா தப்பா?

ஜூன் 4, ராத்திரி 10.50

தப்பு. ரெண்டு இடத்துல தப்பு.

முதல் தப்பு, முனை இருக்கறதுக்கும் நிலையில்லாம போறதுக்கும் சம்பந்தம் கெடையாது. 26 பரிமாணத்துல ஓடுற போசானிக் ஸ்ட்ரிங்க (ஸ்ட்ரிங்லயே எளிமையான வகை) எடுத்துக்க. ஓபன் ஸ்ட்ரிங்கோட அடிநிலைக்கு நிறையோட வர்க்கம் மைனஸ் 1 பை ஆல்ஃபா பிரைம் (இழுவிசையப் பொறுத்த ஒரு மாறிலி). வர்க்கமே நெகட்டிவ், இப்படிப்பட்ட நிலைக்குப் பேரு டாக்கியான், நிலையில்லாததுக்கு அடையாளம். சரி, முனையே இல்லாத க்ளோஸ்டு ஸ்ட்ரிங் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 4 பை ஆல்ஃபா பிரைம். நாலு மடங்கு மோசம். முனைதான் வியாதின்னா வளையத்துக்கு வந்திருக்கவே கூடாது.

ரெண்டாவது தப்பு, இந்த ஸ்ட்ரிங்க கயிறு மாதிரி முறுக்கவே முடியாது. ஏன்னு நாளைக்கு. தூக்கம் வருது.

ஜூன் 5, காலை 7.15

கயித்துல முறுக்கு எப்படி நிக்குது? நாரு நாரா இருக்கு, ஒவ்வொரு நாரும் ஒரு பக்கமா திரிஞ்சிருக்கு, ரெண்டு புரிய எதிர்ப்பக்கமா சேத்துத் திரிக்கிறோம், ஒன்னு பிரியப் பாத்தா இன்னொன்னு இறுகுது. நாரு வேணும், உராய்வு வேணும், தடிமன் வேணும்.

இல்ல ரப்பர் பேண்ட பாரு. சின்ன வயசுல பொம்மை ஏரோப்ளேன் ப்ரொப்பெல்லர சுத்தி சுத்தி விடுவோம்ல, முதல்ல ஒழுங்கா முறுக்கும், அதுக்கு மேல சுத்துனா முடிச்சு முடிச்சா பொடைச்சுக்கிட்டு வரும். அங்க முறுக்குல ஆற்றல் சேருது. ஏன்னா ரப்பர் மேல பேனாவால ஒரு கோடு போடலாம், அந்தக் கோடு திருகாணி மாதிரி சுத்தறதப் பாக்கலாம், அது நெசமான மாற்றம்.

அடிப்படை ஸ்ட்ரிங் மேல கோடு போட எடமே இல்ல. தடிமன் பூஜ்யம். அதைவிட முக்கியம், அது மேல "இந்தப் புள்ளி, அந்தப் புள்ளி"ன்னு அடையாளமே கெடையாது. நாம்பு-கோட்டோ ஆக்ஷன் (ஸ்ட்ரிங் எப்படி நகரும்னு சொல்ற அடிப்படை விதி) கேக்குறது ஒன்னே ஒன்னுதான், ஸ்ட்ரிங் நகர்றப்ப காலவெளியில எவ்வளவு பரப்பு துடைச்சிருக்கு. அந்தப் பரப்பு மேல நீ எப்படிக் கட்டம் போட்டாலும் விடை மாறாது. அதனாலதான் நீளவாக்குல ஓடுற அலைகூட இதுல இல்ல, குறுக்குவாக்கு அலை மட்டும்தான். நீட்டுனா ரப்பர் மாதிரி மெலியறதும் இல்ல, ஒரு மீட்டர்ல இருந்தா என்ன இழுவிசையோ அதே இழுவிசைதான் நூறு மீட்டருக்கும், புதுசா ஸ்ட்ரிங் முளைச்சுக்கிட்டே வருது. இழுவிசையும் ஒரு மீட்டருக்கான ஆற்றலும் ஒரே எண். அதனால ஸ்ட்ரிங் நீளத்துலயே நீ வேகமா ஓடிக்கிட்டுப் பாத்தாலும் அது ஓடுதா நிக்குதான்னு சொல்ல முடியாது. ஓடுறதே தெரியாத வஸ்துவுல எங்க போய் முறுக்கறது.

எங்கம்மா கைமுறுக்கு சுத்தறதப் பாத்தா இது நல்லா புரியும். மாவை ரெண்டு விரலுக்கு நடுவுல திருகிக்கிட்டே வட்டமா விடுவாங்க, அந்தத் திருகல் ஒவ்வொன்னும் மாவு மேல பல்லு பல்லா பதிஞ்சு நிக்கும், மாவு கொஞ்சம் காஞ்சிருந்தா பொடுக்குன்னு வெடிக்கும். மாவுக்கு ஒடம்பு இருக்கு. நம்ம ஸ்ட்ரிங்குக்கு ஒடம்பு இல்ல, இழுவிசை மட்டும்தான்.

ஜூன் 5, மதியம் 1.40

முதல் கேள்வி அனுப்புன தம்பி தனியா கேட்டது: "அப்ப ஓபன் ஸ்ட்ரிங் ஏன் சுருங்கிப் பூஜ்யமாகல? எது புடிச்சு நிறுத்துது?"

நல்ல கேள்வி. சுத்தறது நிறுத்துது. முறுக்கறது வேற, சுத்தறது வேற. கம்பு மாதிரி நேரா நின்னு நடுப்புள்ளிய மையமா வச்சுச் சுழலுது, மையவிலக்கு விசையும் இழுவிசையும் சமமாகுது. முனைய யாரும் புடிச்சு இழுக்காததால முனையில வேகம் சரியா ஒளியோட வேகமா இருந்தாகணும், வேற வழியில்ல. கணக்குப் போட்டா சுழல் உந்தம் ஆற்றலோட வர்க்கத்துக்கு நேர்விகிதம்னு வரும், அந்த விகிதம்தான் ஆல்ஃபா பிரைம்.

எம்எஸ்சி படிக்கறப்ப இத நான் நம்பல. ஹாஸ்டல்ல உக்காந்து கிராஃப் ஷீட்டுல போட்டுப் பாத்தேன். நெசத்துல இப்படிச் சுத்தற நூலு மாதிரி நடந்துக்கறது மீசான் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேந்த துகள்). ரோ மீசான் சுழற்சி 1, நிறை 0.775 ஜிஇவி (துகள்களோட நிறை, ஆற்றலுக்கான அலகு), வர்க்கம் 0.60. அடுத்தது ஏ2, சுழற்சி 2, வர்க்கம் 1.74. ரோ3, சுழற்சி 3, 2.85. ஏ4, சுழற்சி 4, 3.87. ஸ்கேல வச்சா நாலு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல உக்காருது. ரூம்மேட்ட எழுப்பிக் காட்டுனேன், அவன் கெட்ட வார்த்தையில திட்டிட்டுத் திரும்பப் படுத்துட்டான். 1968ல வெனிசியானோ மீசான் மோதலுக்கு ஒரு ஃபார்முலா எழுதுனதுக்கும், ரெண்டே வருசத்துல நாம்பு, சஸ்கிண்ட், நீல்சன் மூணு பேரும் தனித்தனியா "இது சுத்தற நூலுப்பா"ன்னு சொன்னதுக்கும் பின்னால இருந்தது இந்தக் கோடுதான். அந்த நூலோட இழுவிசை சுமார் ஒரு ஃபெர்மிக்கு (கிட்டத்தட்ட புரோட்டான் அளவு தூரம்) ஒரு ஜிஇவி, அதாவது ஒன்னரை டன் எடைய தூக்குற விசை, ஒரு புரோட்டானுக்குள்ள.

ஜூன் 5, மதியம் 2.05

ஒன்னரை இல்ல, பதினாறு டன். ஒரு பூஜ்யத்த முழுங்கிட்டேன். 1.6 லட்சம் நியூட்டன், 9.8ஆல வகு. லோடு ஏத்துன லாரி.

ஜூன் 6, ராத்திரி 11.30

இப்ப ட்விஸ்ட் ஆபரேட்டருக்கு வரேன். தம்பி படிச்சது கற்பனை இல்ல, இருக்கு. ஆனா அது முறுக்கு இல்ல, திருப்பிப் போடறது. ஒமேகான்னு எழுதுவாங்க. ஸ்ட்ரிங்கோட இடது முனைய வலது முனையாவும் வலத இடதாவும் மாத்து, அவ்வளவுதான். ஸ்ட்ரிங் மேல ஒரு அம்புக்குறி போட்டிருந்தா அது எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஸ்கிப்பிங் கயிற நெனைச்சுக்க. ரெண்டு பேர் புடிச்சிருக்காங்க, நடுவுல ஒரே தொப்பையா மேல எழும்புது. முனைய மாத்திப் பாத்தாலும் அதே தொப்பை. மாற்றமில்ல, ப்ளஸ். அடுத்த அதிர்வு, ஒரு பாதி மேல ஒரு பாதி கீழ. மாத்திப் பாத்தா மேல கீழாயிடுது, மைனஸ். ஆக முதல் மோடு (அதிர்வு வகை) ப்ளஸ், ரெண்டாவது மைனஸ், மூணாவது ப்ளஸ். இப்ப "திருப்பிப் போட்டா மாறாத நிலைகள் மட்டும்தான் இருக்கலாம்"னு ஒரு சட்டம் போட்டா பாதி காணாமப் போயிடும். அதுதான் திசையில்லாத ஸ்ட்ரிங்.

ஜூன் 7, காலை 9.10

வாங்கிக் கட்டிக்கிட்டேன். கணக்கு டீச்சர் அக்கா ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "தம்பி, ஸ்கிப்பிங் கயித்துக்கு முனை கையில இருக்கு. உன் ஸ்ட்ரிங்குக்கு முனை யார் கையில?"

ஆமாக்கா. தப்பு என்னுது. முனை புடிச்சிருந்தா சைன் அலை, முனை ஃப்ரீயா இருந்தா காஸ் அலை. ஃப்ரீ முனையில முதல் மோடுல ஒரு முனை மேல இருந்தா இன்னொன்னு கீழ இருக்கும், திருப்புனா குறி மாறும். ரெண்டாவது மோடுல ரெண்டு முனையும் மேல, நடு கீழ, திருப்புனா அப்படியே இருக்கும். நேத்து நான் சொன்னதுக்கு நேர் தலைகீழ். அதாவது ஒற்றைப்படை மோடு மைனஸ், இரட்டைப்படை ப்ளஸ்.

விளைவப் பாருங்க. முதல் மோட ஒரு தடவ கிளப்புனா வர்றது நிறையில்லாத துகள், ஃபோட்டான் மாதிரி. அது ஒற்றைப்படை மட்டத்துல (மட்டம்னா கிளப்புன மோடு நம்பரோட கூட்டல்) இருக்கு, மைனஸ், அதனால சட்டப்படி அவுட். டாக்கியான் மட்டம் பூஜ்யம். பூஜ்யம் இரட்டைப்படை. உள்ள இருக்கலாம்.

திருட்டுப்பய உள்ள, வெளக்கு வெளிய. தம்பி, உன் ட்விஸ்ட் பண்ண லட்சணம் இது. நிலைச்சு நிக்க வைக்கறதுக்குப் பதிலா ஒளியத் தொலைச்சுட்டு வந்திருக்கு.

ஜூன் 7, காலை 9.25

ஃபோட்டான திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு, அதச் சொல்லாம விட்டா பாவம். 1969ல சான், பேட்டன்னு ரெண்டு பேர் முனைகளுக்கு நம்பர் பேட்ஜ் மாட்டிவிட்டாங்க, 1ல இருந்து N வரைக்கும். இப்ப திருப்பிப் போட்டா பேட்ஜும் இடம் மாறும். பேட்ஜ் மேட்ரிக்ஸ் எதிர்ச்சமச்சீரா இருந்தா அங்க ஒரு மைனஸ், மோடுல ஒரு மைனஸ், ரெண்டும் சேந்து ப்ளஸ். ஃபோட்டான் உள்ள வந்துருச்சு, ஆனா ஒன்னா இல்ல, N பெருக்கல் (N மைனஸ் 1), பை 2. 32 பேட்ஜ் போட்டா 496. இந்த 496ங்கற நம்பர ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும்.

ஜூன் 8, மாலை 5.00

கொஞ்சம் வேற பக்கம். "அறுந்து போறது" பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க.

மீசானுக்குள்ள இருக்கற அந்தப் பதினாறு டன் நூலு இழுத்துக்கிட்டே போனா அறும். காலவெளிய கட்டம் கட்டமா வெட்டிக் கம்ப்யூட்டர்ல போடற லாட்டிஸ் கணக்குல குவார்க்குகளுக்கு நடுவுல சுமார் ஒன்னேகால் ஃபெர்மி தூரம் வந்தா, நூலுக்குச் செலவழிக்கற ஆற்றலுக்குப் புதுசா ஒரு குவார்க் ஜோடியையே வாங்கிடலாம்னு ஆகுது. அறுந்த எடத்துல ஆளுக்கொரு முனை முளைச்சு ரெண்டு மீசானா பிரிஞ்சு போயிடும். இந்த நூலு அறுந்தா பிசிறு தொங்காது.

இன்னொன்னு, எனக்கு ரொம்பப் புடிச்சது. புரோட்டான்ல மூணு குவார்க், அப்ப மூணு நூலு நடுவுல ஒரு முடிச்சுல சேர்ற மாதிரி ஃபேன் எறக்கை வடிவத்துல வரையலாம்ல? பாக்க அழகு, மூணு பக்கமும் சமம். 2004ல ஹூஃப்ட் அத அலசிப் பாத்தார், அந்தச் சுத்தற மூணு எறக்கை நிலைக்காது. ஒரு எறக்கை சுருங்கிக்கிட்டே போய் நூலோட நடுவுல இருக்கற குவார்க்கா உக்காந்துடும், மிச்சம் ஒரு நேர் ஓபன் ஸ்ட்ரிங். சமச்சீரா இருக்கற வடிவம்தான் கெட்டியா நிக்கும்னு நம்ம மனசு அடம்புடிக்குது, இங்க அது செல்லல.

அப்புறம் மின்புலம். முனை ரெண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் இருந்தா புலம் ரெண்டையும் வெவ்வேற பக்கம் இழுக்கும். இழுக்கற விசை சரியா ஸ்ட்ரிங்கோட இழுவிசைய தொட்டுட்டா புடிச்சு நிறுத்த ஒன்னுமில்ல, ஸ்ட்ரிங் இஷ்டத்துக்கு நீளும். அதுக்கு மேல புலம் போகவே முடியாது. சாதா எலக்ட்ரான் கணக்குல இப்படி ஒரு உச்சவரம்பு கெடையாது. பக்காஸும் பொராட்டியும் 1992ல இந்தப் புலத்துல ஓபன் ஸ்ட்ரிங் ஜோடி ஜோடியா பொறக்கற வேகத்தக் கணக்குப் போட்டாங்க, வரம்புகிட்ட போகப் போக அது கட்டுக்கடங்காம ஏறும்.

சரி, டாக்கியானுக்குத் திரும்புவோம்.

ஜூன் 8, ராத்திரி 10.15

ரொம்ப வருசம் எனக்கு டாக்கியான்னா "ஒளிய விட வேகமா ஓடுற துகள்"தான். படிப்ப பாதியில விட்டதுக்கு அப்புறம்தான் வெளங்குச்சு. அது துகளே இல்ல, ஒரு எச்சரிக்கை. மலை உச்சியில கோலிகுண்ட வச்சுட்டு அதோட அதிர்வெண் என்னன்னு கேட்டா வர்க்கம் நெகட்டிவா வரும். குண்டு மேல குத்தமில்ல, வச்ச எடம் தப்பு.

அப்ப எது மலை? ஓபன் ஸ்ட்ரிங்கோட முனை எங்கயாவது ஒட்டியிருக்கும், ஒட்டியிருக்கற அந்தப் பரப்புக்கோ புள்ளிக்கோ பேரு டி-பிரேன். "ஃப்ரீ முனை"ன்னு சொன்னேனே, அதுகூட வெளி முழுக்க நிரம்பின ஒரு பிரேன் மேல ஒட்டியிருக்குன்னு அர்த்தம். போல்ச்சின்ஸ்கி 1995ல இந்த பிரேன்லாம் வெறும் எல்லைக்கோடு இல்ல, நெசமான எடையுள்ள பொருள்னு நிறுவுனார். அசோக் சென் 1999ல சொன்னது: டாக்கியான்ங்கறது ஸ்ட்ரிங்கோட வியாதி இல்ல, அது ஒட்டியிருக்கற பிரேனோட வியாதி. பிரேன் கரைஞ்சு போகப் பாக்குது. குண்டு உருண்டு அடிவாரத்துக்கு வந்தா எறங்குன உயரம் சரியா பிரேனோட டென்ஷன் (அதோட ஆற்றல் அடர்த்தி) அளவு இருக்கும், அங்க பிரேனே இருக்காது, பிரேன் இல்லன்னா ஒட்ட எடமில்ல, ஓபன் ஸ்ட்ரிங்கும் இருக்காது.

ஆக கேள்வியே மாறிப் போச்சு. "ஸ்ட்ரிங் நிலைக்குமா"ன்னு கேட்டோம், கேக்க வேண்டியது "அது கட்டியிருக்கற கம்பம் நிலைக்குமா"ன்னு.

இத சோதிச்சது விட்டன் 1986ல எழுதுன ஓபன் ஸ்ட்ரிங் ஃபீல்டு தியரிய வச்சு. ஸ்ட்ரிங்கோட ஒவ்வொரு அதிர்வு நிலைக்கும் ஒரு ஃபீல்டுங்கறதால எண்ணிக்கையில்லாத ஃபீல்டு இருக்கு, ஒவ்வொரு மட்டமா வெட்டி எடுத்துக் கணக்குப் போடணும். மட்டம் பூஜ்யம்னா டாக்கியான் ஒன்னு மட்டும்தான், மைனஸ் வர்க்கம் ஒரு டெர்ம், கியூப் ஒரு டெர்ம், பதினொன்னாம் கிளாஸ் டிஃபரன்ஷியேஷன். நான் அத கரண்ட் பில்லு பின்பக்கம் போட்டேன், பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தப்ப. கடைசியில வர்றது மேல 2ன் 12ஆம் அடுக்கு பெருக்கல் பை (π) வர்க்கம், கீழ 3ன் 10ஆம் அடுக்கு. 4096ஐ 9.87ஆல பெருக்கி 59049ஆல வகுத்தா 0.684. சென் சொன்னதுல 68 சதவீதம், ஒரே ஒரு ஃபீல்ட வச்சு! என் டோக்கன் நம்பர் தாண்டிப் போயிருச்சு, திரும்ப வரிசை.

ரெண்டாவது மட்டம் வரைக்கும் போனா 95, நாலு வரைக்கும் போனா 98க்கு மேல, பத்து வரைக்கும் போனா 99.9. கவனிச்சீங்களா, 0, 2, 4, 10. ஒற்றைப்படையே இல்ல. ஏன்? அதே ட்விஸ்ட். திருப்பிப் போட்டா குறி மாறுற ஃபீல்டெல்லாம் ஜோடியாத்தான் வரும், அதனால எல்லாத்தையும் பூஜ்யம்னு வச்சாலே சமன்பாடு திருப்தியாயிடும். ஒமேகா பாதி வேலையக் கொறைச்சுக் குடுத்திருக்கு. முழுசா, தோராயமே இல்லாம தீர்வு எழுதுனது ஷ்னாபிள், 2005ல.

ஜூன் 9, காலை 6.50

99.9க்கு அப்புறம் அப்படியே 100ல போய் உக்காந்துச்சுன்னு நான் எழுதல, ஆனா படிச்சவங்க அப்படித்தான் எடுத்துக்கிட்டிருக்கீங்க. 14ஆம் மட்டத்துல 100ஐத் தாண்டிடுச்சு. கொஞ்ச நாள் எல்லாருக்கும் வயித்தக் கலக்கியிருக்கும். கையோட்டோவும் ரஸ்டெல்லியும் 18ஆம் மட்டம் வரைக்கும் கணக்குப் போட்டு, மேல போனா திரும்ப எறங்கி 100க்கே வரும்னு காட்டுனாங்க.

ஜூன் 9, மதியம் 12.30

அக்கா கேட்டது: "சூப்பர்ஸ்ட்ரிங்ல டாக்கியான் இல்லங்கறாங்களே, அது இந்த ஒமேகாவோட வேலையா?"

இல்ல. ஆனா நான் ஒரு காலத்துல அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன், ஒரு வைவாவுல அப்படியே சொல்லி அசிங்கப்பட்டேன், கேள்வி கேட்டவர் பேனாவ மூடி வச்சுட்டு ஜன்னல் பக்கம் பாத்தார். டாக்கியான வெட்டறது ஜிஎஸ்ஓ ப்ரொஜெக்ஷன்ங்கற சட்டம், எழுபதுகள்ல க்ளியோட்சி, ஷெர்க், ஆலிவ் போட்டது. அது சூப்பர்ஸ்ட்ரிங் மேல கூடுதலா ஓடுற ஃபெர்மியான் வகை அதிர்வோட எண்ணிக்கை ஒத்தையா ரெட்டையான்னு பாத்து வெட்டும். ஒமேகா முனைய மாத்திப் பாத்து வெட்டும். ரெண்டு வேற வேற கத்திரிக்கோல்.

ஜூன் 9, ராத்திரி 11.55

இப்ப 496. ட்விஸ்ட் எங்கயுமே நிலைப்படுத்தலன்னு நான் முதல் நாள் அடிச்சுப் பேசுனேன்ல, அதுல இப்ப ஓட்டை போட வேண்டியிருக்கு.

சூப்பர்ஸ்ட்ரிங்ல ஓபன் ஸ்ட்ரிங் ஒன்னு கெளம்பி ஒரு சுத்து சுத்தி அதே எடத்துக்கு வந்தா காலவெளியில ஒரு பட்டை வரும், வளையல் மாதிரி. வர்ற வழியில ஒரு தடவ ஒமேகா பட்டு முனை மாறிட்டா? பேப்பர் பட்டைய ஒரு திருப்பு திருப்பி ஒட்டுன மாதிரி, மோபியஸ் பட்டை. பாரு தம்பி, இங்க வந்து நெசமாவே முறுக்கு வந்துருச்சு, ஸ்ட்ரிங்குல இல்ல, ஸ்ட்ரிங் ஓடுன தடத்துல.

வளையல்ல ரெண்டு விளிம்பு, ஒவ்வொன்னுலயும் N பேட்ஜ், அதனால N வர்க்கம். மோபியஸ்ல விளிம்பு ஒன்னே ஒன்னு (நம்பலன்னா பேப்பர் ஒட்டி வெரல ஓட்டிப் பாருங்க), அதனால N ஒரு தடவதான், அதுவும் மைனஸ் குறியோட, மைனஸ் 64 N. க்ளோஸ்டு ஸ்ட்ரிங் திருப்பிக்கிட்டு வந்தா க்ளைன் பாட்டில், விளிம்பே இல்ல, வெறும் 1024. மூணையும் கூட்டுங்க. N வர்க்கம் மைனஸ் 64 N ப்ளஸ் 1024. எட்டாங்கிளாஸ் ஏ மைனஸ் பி ஹோல் ஸ்கொயர். N மைனஸ் 32, மொத்தத்துக்கும் வர்க்கம்.

இது பூஜ்யமாகலன்னா வெற்றிடமே நிலையில்லாம நகர ஆரம்பிச்சுடும். N 32ஆ இருந்தாதான் பூஜ்யம். அந்த 32 பேட்ஜுக்கான சமச்சீருக்குப் பேரு எஸ்ஓ(32), ஞாபகம் வைக்கச் சொன்ன 496 அதுல வர்ற ஃபோட்டான்களோட எண்ணிக்கை. 1984 கோடையில ஆஸ்பென்ல க்ரீனும் ஷ்வார்ட்ஸும் அனாமலி (தியரிய உள்ளுக்குள்ளயே முரண்பட வைக்கற ஓட்டை) ரத்தாகறதக் கண்டுபுடிச்சதும் இதே 32லதான், அங்கயும் சாதா வளையலும் மோபியஸும்தான் ஒன்ன ஒன்னு தின்னுக்குது. போசானிக்ல இதே மாதிரி போட்டா 8192 வரும், 2ன் 13ஆம் அடுக்கு, ஆனா அங்க டாக்கியான் எப்படியும் இருக்கறதால யாருக்கும் பிரயோஜனமில்ல.

இந்த ஸ்ட்ரிங் தியரிக்காரங்க கயிறு திரிக்கிறாங்கன்னு எங்க மாமா சொல்வார். திரிக்கட்டும் மாமா, ஆனா முழு வர்க்கமா வந்து நிக்குதே.

ஜூன் 10, காலை 8.00

நேத்து ராத்திரி எழுதுனதப் படிச்சுட்டு தம்பி "அப்ப நான் சொன்னது சரிதானேண்ணே"ன்னு கெளம்பிட்டான். நில்லு. வெற்றிடத்த நிலைப்படுத்துன அதே ஒமேகா ஸ்ட்ரிங்கோட கழுத்த அறுத்துடுச்சு.

சூப்பர்ஸ்ட்ரிங்ல டைப் 2பி-ன்னு ஒரு வகை, அதுல ஸ்ட்ரிங்குக்கு அம்புக்குறி உண்டு. அந்தத் திசைதான் அதோட மின்னூட்டம் மாதிரி, பி-ஃபீல்டுன்னு ஒன்னோட ஒட்டும். மின்னூட்டம் இருக்கறதால நீளமா இழுத்துக் கட்டுன ஸ்ட்ரிங் சும்மா மறைஞ்சு போக முடியாது, எலக்ட்ரான் சும்மா மறைய முடியாத மாதிரி. ஒமேகா அம்புக்குறிய அழிக்குது. திசை இல்லன்னா ப்ளஸ் எது மைனஸ் எது? பி-ஃபீல்டும் அவுட். அதனால டைப் 1-ல (2பி மேல ஒமேகா சட்டம் போட்டா வர்ற வகை, நேத்து சொன்ன எஸ்ஓ(32) இதுதான்) நீளமான ஸ்ட்ரிங் எங்க வேணா அறுந்து துண்டு துண்டா ஓபன் ஸ்ட்ரிங்கா போகலாம், கேக்க நாதியில்ல.

வேடிக்கை என்னன்னா அதே டைப் 1-ல டி-1ன்னு ஒரு நூல் இருக்கு, அது வேற ஒரு ஃபீல்டோட ஒட்டுது, அந்த ஃபீல்டு ஒமேகாவுல தப்பிச்சுடுது, அதனால அது கல்லு மாதிரி நிக்குது. போல்ச்சின்ஸ்கியும் விட்டனும் 1995ல அதுதான் ஹெட்டரோடிக்ங்கற இன்னொரு வகை சூப்பர்ஸ்ட்ரிங்னு சொன்னாங்க.

ஜூன் 11, ராத்திரி 10.40

ரெண்டு நாளா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒமேகா எங்கயாவது நேரடியா ஒரு டாக்கியான அறுத்துப் போட்டு அதனால ஒரு பொருள் நிலைச்சிருக்கான்னு. இருக்கு. படிச்சிருக்கேன், மறந்திருக்கேன்.

1998, அசோக் சென். அப்ப அலகாபாத் மேத்தா இன்ஸ்டிட்யூட்ல இருந்தவர், பின்னால ஹரீஷ்-சந்திரா பேருக்கு மாறின இடம். டைப் 2பி-ல டி-0ன்னு ஒரு புள்ளி பிரேன் செய்யலாம், ஆனா அது தப்புப் பரிமாணம், பாதுகாக்க மின்னூட்டம் இல்ல, அது மேல கட்டுன ஓபன் ஸ்ட்ரிங்ல டாக்கியான் உண்டு, கரைஞ்சுடும். அதையே டைப் 1-க்குக் கொண்டு போ, ஒமேகா சட்டத்த அமல்படுத்து. டி-0 மேல ஸ்ட்ரிங்கோட முனை கெட்டியா ஒரு புள்ளியில கட்டியிருக்கு. முனை கட்டியிருந்தா? சைன் அலை. ஸ்கிப்பிங் கயிறு. நான் ஜூன் 6 ராத்திரி தப்பா எழுதி அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட அதே குறிகள். ஃப்ரீ முனையில மைனஸா இருந்த முதல் மோடு இங்க ப்ளஸ், அதனால பிரேன் நகர்றதுக்கான அலை உள்ள இருக்கு, பிரேன் ஃப்ரீயா நடமாடலாம். டாக்கியானோட குறி இங்க மைனஸ். அவுட்.

டாக்கியான் போயிடுச்சு, துகள் நிக்குது. சூப்பர்சிமெட்ரி (போசானுக்கும் ஃபெர்மியானுக்கும் நடுவுல இருக்கற சமச்சீர்) காப்பாத்தல, சும்மா திருப்பிப் போடற சட்டம் காப்பாத்துது. அதோட வெளி முழுக்க இருக்கற 32 பிரேனுக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவுல கட்டுன ஸ்ட்ரிங்குகள்ல இருந்து 32 ஃபெர்மியான் வருது, அதுங்க சேந்து இந்தத் துகள எஸ்ஓ(32)ஓட ஸ்பைனரா (சாதா ஸ்ட்ரிங் நிலைகள சேத்து உண்டாக்க முடியாத ஒரு தனி வகை) ஆக்குது. ஸ்பைனர்லயே ரொம்ப லேசானது இதுதான், கரைஞ்சு போக வேற எடமே இல்ல. ஹெட்டரோடிக் பக்கம் அப்படி ஒரு துகள் இருந்தாகணும்னு ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சு, டைப் 1 பக்கம் காணோமேன்னு தேடிக்கிட்டிருந்தது இதுதான். ஸ்பைனர்ல 65,536 நிலை.

ஆக தம்பி, ஜூன் 4ல நான் "தப்பு"ன்னு ஆரம்பிச்சேன்ல. கயிறு உதாரணம் இன்னமும் தப்புதான், முனை பத்திச் சொன்னதும் தப்புதான். ட்விஸ்ட் போட்டா நிலைக்கும்ங்கறது ஒரு எடத்துல சரி, அந்த எடம் நான் கேலி பண்ண எடம். கைமுறுக்கு ஒரு கிலோ கடன்.

ஜூன் 12, காலை 7.30

65,536 இல்ல, அதுல பாதி. 2ன் 16 வருது 32 ஃபெர்மியான்ல இருந்து, ஆனா அந்த டி-0 மேலயே ப்ளஸ்-மைனஸ்னு ஒரு மிச்ச சமச்சீர் இருக்கு, அது பாதிய வெட்டிடும். 32,768. அக்கா சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்.